கடற்கரை ஊரில் கையால் வயரிங் செய்த வால்வு ஆம்ப்: 'பழைய முறைப்படி'யே கட்டச் சொல்லலாமா?

லாஸ்பேட்டை கிட்டார்

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் வந்த ராக் இசையை நண்பர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறேன். கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தால் ஒலி தெளிவதும், கூட்டினால் கரகரத்து முழங்குவதும், தந்தியை மீட்டும் அழுத்தத்துக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருப்பதும் வால்வு ஆம்ப்பில்தான் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியில்தான்) எனக்கு நிறைவாகக் கிடைக்கின்றன. ஆகவே கையால் வயரிங் செய்த ஆம்ப் ஒன்றைச் செய்து வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இத்தகைய ஆம்ப்புகளைக் கட்டித் தரும் வெளியூர்க்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். 1967 காலத்து மார்ஷல் 50 வாட் 'பிளெக்ஸி' மாடலின் மின்சுற்றை அவர் கட்டித் தருவார். கூடுதலாகப் பணம் கொடுத்தால் முற்றிலும் பழைய முறைப்படியே, அதாவது கறுப்பு ஃபைபர் அட்டையின் மீது கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களும் துணி உறையிட்ட கம்பியும் வைத்து அமைத்துத் தருவதாகச் சொல்கிறார். படங்களில் பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கடல் அதிகத் தொலைவில் இல்லை. ஜன்னல் கம்பிகள், கிட்டாரின் டியூனர்கள், மின்விசிறியின் திருகுகள் என எல்லாமே உப்புக் காற்றில் துருப்பிடிக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பொருள்கள் தாங்குமா? ஒலியில் அவற்றால் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? ஒயிட் டவுனில் சிறு உணவகங்களில் வாசிப்பதும், ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவோரம் வாசிப்பதும்தான் எங்கள் வழக்கம் என்பதால் 50 வாட் எனக்குப் பொருத்தம்தானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் வால்வு ரேடியோ

தம்பி, வணக்கம். கடலூரில் பழைய வால்வு ரேடியோக்களையும், தேவாலயங்களிலும் இசைக் குழுக்களிலும் இருக்கும் ஆம்ப்புகளையும் பழுது பார்த்து வருபவன் நான். உங்கள் கேள்விகளில் அட்டையைப் பற்றியதுதான் மிக முக்கியமானது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் சுற்றுக்கும் அவர் காட்டும் பொருள்களுக்கும் உறவு குறைவு. 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் நடத்திய கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து முதல் மார்ஷலை உருவாக்கியபோது, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஆம்ப்பிலிருந்த 5எஃப்6-ஏ சுற்றைத்தான் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதுவே ஜே.டி.எம்.45 ஆனது. பின்னர் வெளியீட்டு வால்வுகள் (ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வுகள்) இ.எல்.34 வகையாக மாறி, அந்த வழியில்தான் பிளெக்ஸி வந்தது. சுற்று ஃபெண்டரிடமிருந்து வந்ததே தவிர, கட்டுமானம் அப்படி வரவில்லை. கறுப்பு ஃபைபர் அட்டை, துணி உறைக் கம்பி, கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் ஆகிய மூன்றும் அமெரிக்க ஃபெண்டரின் அடையாளங்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த மார்ஷல்களைத் திறந்து பார்த்தால், பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியும் பெரும்பாலும் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர்களும்தான் இருக்கும். ஆகவே பிளெக்ஸிக்கு அந்த மூன்றையும் பழைய முறை என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்குவதில் பொருளில்லை.

அடுத்து, அந்தக் கறுப்பு அட்டை நம் ஊருக்கு ஏன் ஆகாது என்பதைச் சொல்கிறேன். அது பருத்தி இழையை வேதிமுறையில் இறுக்கிச் செய்த ஒரு வகைக் காகித அட்டை; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய பின் மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தவும் தொடங்கும். முதல் வால்வின் பிளேட்டுக்கு (பெருகிய சிக்னல் வெளிவரும் முனைக்கு) செல்லும் புள்ளியில் 300 வோல்ட் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே அடுத்த வால்வின் கிரிட் (சிக்னல் உள்ளே போகும் முனை) புள்ளி இருக்கிறது, அந்த கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அட்டையின் தடை 1000 மெகா ஓமாகக் குறைந்தாலே கிரிட்டில் 0.3 வோல்ட் வந்துவிடும். 100 மெகா ஓமாகக் குறைந்தால் ஏறத்தாழ 3 வோல்ட். முன்நிலையில் இருக்கும் இ.சி.சி.83 வால்வுக்கு நாம் கொடுக்கும் பயஸே (வால்வைச் சரியான நிலையில் நிறுத்தும் மின்னழுத்தமே) சுமார் ஒன்றரை வோல்ட்தான். இதற்குப் பிறகு ஒலி எப்படி நேராக இருக்கும்? பொரிவது போன்ற சத்தமும், குமிழைத் திருகும்போது கரகரப்பும் வரும். வால்வைத்தான் குறை சொல்லி மாற்றுவார்கள். சத்தம் மட்டும் போகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்) பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை எந்தக் கம்பியும் இல்லாத வெற்று அட்டையின் மீது, இரண்டு கண்ணிகளுக்கு (உறுப்புகளை ஈயம் வைக்கும் உலோகத் துளைகளுக்கு) நடுவே தொட வேண்டும். நல்ல அட்டையில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காற்றில் கிடந்த அட்டையில், ஒன்றுமில்லாத இடத்திலேயே சில வோல்ட்டுகள் காட்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றினால் எண் இறங்கும், ஒலியும் சரியாகும். அடுத்த ஈரக் காற்றில் மீண்டும் ஏறிவிடும். கடைசியில் அட்டையையே மாற்ற வேண்டிவரும். (ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே 450 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும் என்பதால் இந்தச் சோதனையை அனுபவமில்லாதவர்கள் செய்யவே கூடாது.)

கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டருக்கும் இதே நோய்தான். ஈரத்தை வாங்கி அதன் மதிப்பு மெல்ல ஏறும், இரைச்சலும் கூடும். ஆகவே கண்ணாடி இழை எபாக்சி அட்டையில் பித்தளை டரெட்டுகள் (உறுப்புகளை ஈயம் வைக்கும் சிறு தூண்கள்) அடித்து, மெட்டல் ஃபிலிம் அல்லது கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் வைத்து, பி.வி.சி. அல்லது டெஃப்ளான் உறைக் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடி இழை அட்டை ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. ஈயம் வைத்த பிறகு ஃப்ளக்ஸ் எச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். அந்த எச்சமும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சாக்கெட்டுகள் பீங்கானாக இருக்கட்டும். சேசிஸ் இரும்பாக இருந்தால் நல்ல பூச்சு அவசியம்; ஆனால் எர்த் திருகு உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி உலோகத்தைத் தொடும்படி இறுக்கியிருக்க வேண்டும்.

கையால் வயரிங் செய்வதால் மட்டும் ஒலி உயர்ந்துவிடுவதில்லை. கம்பிகள் போகும் பாதை, எர்த் புள்ளிகளின் அமைப்பு, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளை முறுக்கி மூலையோரமாகக் கொண்டுசெல்வது ஆகியவைதாம் ஹம் என்ற உறுமல் குறைவதற்கும் ஒலி திறப்பதற்கும் காரணம். கை வயரிங்கின் உண்மையான சிறப்பு, முப்பது ஆண்டு கழித்தும் எந்த ஊர் ரேடியோ மெக்கானிக்கும் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மாற்றலாம் என்பதுதான். வால்வு சாக்கெட்டையே அச்சுப் பலகையில் ஈயம் வைத்த ஆம்ப்புகளில், வால்வின் சூட்டில் பலகை கருகித் தடங்கள் உரிந்துவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் முடிவை நான் ஆதரிக்கிறேன்.

நெல்லித்தோப்பு லீட்

மேலே ஐயா சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். நான் ஒலியளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிளெக்ஸியில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பை விடாமல் மொத்த ஒலியளவை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. நீங்கள் விரும்பும் அந்த முழக்கம், முன்நிலை வால்வுகளோடு ஃபேஸ் ஸ்பிளிட்டரும் (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்து அனுப்பும் பகுதியும்) வெளியீட்டு வால்வுகளும் சேர்ந்து திணறும்போதுதான் வருகிறது. அதற்குக் குமிழைப் பாதிக்கு மேல் திறக்க வேண்டும். கிரீன்பேக் வகை 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டில், 1 மீட்டர் தொலைவில் சுமார் 98 டெசிபெல் தருகிறது. அதே ஸ்பீக்கரிடம் 18 வாட் கொடுத்தால் கணக்குப்படி 110-ஐத் தாண்டுகிறது. 50 வாட்டில் 115-ஐத் தொடுகிறது. (கிரீன்பேக் ஒன்று 25 வாட்தான் தாங்கும் என்பதால் 50 வாட் ஆம்ப்புக்குக் குறைந்தது இரண்டு ஸ்பீக்கர்கள் தேவை.) இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாலரை டெசிபெல் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். வாட் மூன்று பங்காக உயர்ந்தாலும் காதுக்கு ஒலி மூன்று பங்காகக் கேட்பதில்லை. ஆகவே, 'சிறிய ஆம்ப் என்றால் வீட்டில் திறந்து வாசிக்கலாம்' என்பது நடக்காது. 18 வாட்டும் லாஸ்பேட்டைத் தெரு ஒன்றுக்கு மிக அதிகம்.

இருந்தாலும் உங்களைப் போன்றவருக்கு நான் 18 வாட் சுற்றைத்தான் பரிந்துரைப்பேன். 1965 முதல் 1967 வரை மார்ஷல் செய்த அந்தச் சிறிய ஆம்ப்பில் இரண்டு இ.எல்.84 வால்வுகளும், ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையராக இ.இசட்.81 வால்வும் இருந்தன. பயஸை வால்வின் கேத்தோடு முனையிலுள்ள ரெசிஸ்டரே அமைத்துக்கொள்ளும்; வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஒலியை இறுக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது. இதனால் தந்தியை ஓங்கி மீட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் எழுகிறது. ஒலி முதலில் அமுங்கி, பிறகு மலர்ந்து நீள்கிறது. பிளெக்ஸியின் ஒலி இதைவிட இறுக்கமானது, அடி கனமானது. இரண்டும் ஒன்றல்ல என்பதால், இரண்டையும் எங்காவது நேரில் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. உணவகத்தில் 18 வாட் ஆம்ப்பை வைத்து, அதன் முன் மைக் ஒன்றை நிறுத்தி, மற்றதை ஒலிபெருக்கி அமைப்பிடம் விட்டுவிடுங்கள்.

மனம் 50 வாட்டிலேயே நிற்குமானால், ஃபேஸ் ஸ்பிளிட்டருக்குப் பிறகு வரும் மாஸ்டர் வால்யூம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது தரமான ரியாக்டிவ் அட்டெனுவேட்டர் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே வைத்து ஒலியளவைக் குறைக்கும் கருவி) வாங்குங்கள். நான்கு உள்ளீடுகளில் இரண்டு சேனல்களையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, பளிச்சென்ற சேனலோடு சாதாரணச் சேனலைக் கலந்து வாசிக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய தந்திகளின் கூர்மைக்குக் கீழே ஒரு தடிப்பு வந்து சேர்வதை அப்போதுதான் கேட்கலாம்.

லாஸ்பேட்டை கிட்டார்

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பற்றி ஐயா விளக்கியதைப் படித்ததும் கறுப்பு ஃபைபரை விட்டுவிட்டேன். மின்சாரம் பற்றி இன்னொரு ஐயம். எங்கள் பகுதியில் இரவு நேரத்தில் மின்னழுத்தம் 250 வோல்ட் வரை ஏறுகிறது. மின்தடை ஏற்பட்டால் வீட்டு இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும். வாடகை வீடு என்பதால் எர்த் இணைப்பு எப்படி இருக்கிறது என்பதும் உறுதியில்லை. இவற்றுக்கு ஏதேனும் முன்னேற்பாடு வேண்டுமா?

மஞ்சக்குப்பம் வால்வு ரேடியோ

கட்டாயம் வேண்டும். இந்தக் கேள்வியை ஆம்ப் கட்டுவதற்கு முன்பே கேட்டது மிக நல்லது.

230 வோல்ட்டுக்கென்று சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 250 வோல்ட் கொடுத்தால் உள்ளே எல்லாமே ஏறக்குறைய 9 சதவீதம் உயரும். 450 வோல்ட்டாக இருக்க வேண்டிய பிளேட் மின்னழுத்தம் 490-ஐ நெருங்கும், 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆகும். ஹீட்டருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 10 சதவீத வரம்பின் விளிம்பு அது. ஆகவே, முதல்நிலைச் சுருளில் 220, 230, 240, 250 என்று தனித்தனி டேப்புகள் (இணைப்பு முனைகள்) உள்ள டிரான்ஸ்ஃபார்மரைக் கேளுங்கள். பழைய மார்ஷல்களிலேயே வோல்ட் தேர்வுச் செருகி பின்புறம் இருந்தது. உங்கள் வீட்டில் காலை, மாலை, நள்ளிரவு என்று சில நாள்கள் அளந்து எழுதிவைத்து, அதற்கேற்ற டேப்பில் இணைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டுமே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை ஸ்டெப்-டவுன் வைத்து இங்கே ஓட்டும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு உள்ளகம் கூடுதலாகச் சூடேறும்.

பயஸையும் உங்கள் ஊர் மின்னழுத்தத்தில்தான் வைக்க வேண்டும். இ.எல்.34 ஒன்றின் பிளேட் தாங்கும் வரம்பு 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட் என்பது வழக்கமான மேல் எல்லை. பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒவ்வொரு வால்வுக்கும் சுமார் 39 மில்லியாம்பியர். 490 வோல்ட் இருந்தால் 36-க்குள் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டு வால்வின் கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் முனைகளைப் பின்புறம் அளவுப் புள்ளிகளாகக் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். மீட்டரில் தெரியும் மில்லிவோல்ட்டே மில்லியாம்பியர். அதில் ஸ்கிரீன் என்ற இன்னொரு முனையின் மின்னோட்டமும் சேர்ந்திருக்கும் என்பதால் சற்றுப் பாதுகாப்பான பக்கமே நிற்கும். சேசிஸைத் திறக்காமலேயே சோதிக்கலாம்.

எர்த் விஷயத்தில் சமரசமே கூடாது. கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் தந்தி வழியாக உங்கள் கைக்கே வரும். எதிரே இருக்கும் மைக்கை உதடு தொட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுப் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே முழு மின்னழுத்தமும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டும் மட்டுமே இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். தெருவில் வாசிக்கும் இடங்களிலும் இதைப் பார்க்காமல் செருகாதீர்கள். பழைய அமெரிக்க ஆம்ப்புகளில் மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் இடையே இருந்த கெபாசிட்டரை, பழைய முறை என்ற பெயரில் யாராவது வைக்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதாக இருந்தால் ஓட்டலாம். சதுர அலை தரும் வகையென்றால், மின்தடை வந்ததும் ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். உறுமலும் வரும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

குயிலாப்பாளையம் டரெட் போர்டு

எனக்கு ஒரு சிறு மாற்றுக் கருத்து உண்டு. கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதன் தடை, அதன் மேல் விழும் மின்னழுத்தத்துக்கு ஏற்பச் சிறிது மாறுகிறது. இதனால் ஒரு மெல்லிய திரிபு பிறக்கிறது. ஆனால் சிக்னல் பல பத்து வோல்ட்டாகப் பெருகிய இடத்தில்தான் அது காதுக்கு எட்டும். முன்நிலையில், சில மில்லிவோல்ட் சிக்னல் வரும் இடத்தில் அந்த ரெசிஸ்டரால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். பிளெக்ஸியில் ஃபேஸ் ஸ்பிளிட்டரின் பிளேட்டுகளில் இருக்கும் 82 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டுக்கு மட்டும் கார்பன் காம்போசிஷன் வைக்கலாம். சில ஆண்டுகளில் மதிப்பு ஏறிவிட்டாலும் மாற்றுவது கடினமில்லை. மற்றபடி ஐயா சொன்ன கண்ணாடி இழை அட்டையையே நானும் பயன்படுத்துகிறேன்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பவர் டிரான்ஸ்ஃபார்மரை ஸ்டெபிலைசருக்குச் சுற்றித் தரும் நல்ல கைவினைஞரிடம் சொல்லிச் சுற்றிக்கொள்ளலாம். அவுட்புட்டில் முதல்நிலைச் சுருளையும் இரண்டாம்நிலைச் சுருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அந்த அடுக்குமுறையும் இரும்பின் தன்மையும்தான் அடியொலி எவ்வளவு இறுகி நிற்கும், மேலொலி எவ்வளவு பட்டுப்போல் வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ரெசிஸ்டரின் அழகுக்குக் கேட்ட கூடுதல் தொகையை இதற்குக் கொடுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை ஒருபோதும் இயக்காதீர்கள். முதலில் பலியாவது இந்த டிரான்ஸ்ஃபார்மர்தான்.

மஞ்சக்குப்பம் வால்வு ரேடியோ

அந்த இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றி நண்பர் சொன்னது எனக்கும் ஏற்புடையதே. அங்கே சிக்னல் பெரிது என்பதால் இரைச்சல் அமுங்கிவிடும்.

லாஸ்பேட்டை கிட்டார்

எல்லோருடைய பதில்களையும் கட்டித் தருபவரிடம் காட்டினேன். கண்ணாடி இழை அட்டை, மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், ஃபேஸ் ஸ்பிளிட்டரில் மட்டும் இரண்டு கார்பன் காம்போசிஷன், பல டேப்புகள் உள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மர், வெளியே பயஸ் அளவுப் புள்ளிகள் என்று ஒப்புக்கொண்டார். வாட் விஷயத்தில், 18 வாட், 50 வாட் இரண்டையும் அவர் பட்டறையில் வாசித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கப்போகிறேன். ஆம்ப்பை வண்டியில் அனுப்பும்போது வால்வுகளை எப்படி வைக்கச் சொல்வது?

மஞ்சக்குப்பம் வால்வு ரேடியோ

வால்வுகளைக் கழற்றி, எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதி, தனிப் பெட்டியில் பஞ்சு சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஆம்ப்பை ஒரு நாள் அறையில் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் வால்வுகளைப் பொருத்தி, ஸ்பீக்கரை இணைத்து, ஆம்ப்பின் ஓம் தேர்வு ஸ்பீக்கரின் ஓமோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். அரை மணி நேரம் சூடேறியதும் பயஸை அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். அதன் பிறகு வாரத்தில் ஓரிரு நாளாவது ஓட்டி வாருங்கள். வால்வுகளின் சூடே உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நீண்ட நாள் வைத்திருக்க நேர்ந்தால், ஜன்னலிலிருந்து தள்ளி, துணி உறையால் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே ஈரம் கட்டி ஸ்பீக்கர் துணியில் பூஞ்சை படரும்.